இரண்டு கட்டை இறக்கி

இயேசு மரி சூசை

திருவள்ளூர்,
14 ஜனவரி 1974

திரு. ஆசீர்வாதம் அவர்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். வாக்குத் தவறியவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை என்று பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 20-ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள். "கவரைப்பேட்டை கோயில்ல ஹார்மோனியம் தன்னந்தனியா அழுதுக்கினு இருக்குது அண்ணி. அண்ணன் கித்தார் மட்டும் இருந்தா கிறிஸ்மஸ் பாட்டு நிமிந்து நிக்கும். மூணு ராஜா திருநாளுக்கு மறுநாள் கொண்டாந்து வெச்சிடறேன்" என்றீர்கள். மூன்று ராஜாக்களும் வந்து, காணிக்கை வைத்து, ஊர் திரும்பி எட்டு நாள் ஆகிறது. அவர்களுக்கு ஒட்டகம்தான் இருந்தது. உங்களுக்குப் பெரியபாளையம் வழியாக பஸ்ஸே இருக்கிறது.

என் கணவர் தானியேல் இறந்து வரும் மே மாதத்தோடு மூன்று வருடம். இதுவரை அந்தக் கித்தாரை நான் வீட்டு வாசல் தாண்ட விட்டதில்லை. பங்குச் சாமியார் கேட்டபோதும் இல்லை என்றேன். உங்களுக்கு மட்டும் கொடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவர் கார்டாக இருந்த சரக்கு ரயில்களை அத்தனை வருடம் முன்னால் இருந்து இழுத்த டிரைவர் நீங்கள். "ஆசீர்வாதம் எஞ்சின்ல இருந்தா நான் பின்னால தூங்கலாம்" என்பார். தூங்கமாட்டார், அது வேறு.

கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். மற்றக் கித்தாருக்கு ஆறு தந்தி. இதற்குப் பன்னிரண்டு. அத்தனையும் சேர்ந்து இழுத்தால் பழைய மரம் தாங்காது, ஆகவே சுதியை எப்போதும் இரண்டு கட்டை இறக்கியே வைக்க வேண்டும். அவர் வைத்த சட்டம் அது. என் கையால் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்களுக்காகத்தான் ஒட்டினேன்.

இதையெல்லாம் நேற்று வரை எழுத எண்ணவில்லை. பழவேற்காட்டுக் கருவாட்டுக் கூடையோடு வரும் குப்பம்மாள் நேற்று வாசலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரர் பொட்டி கவரப்பேட்ட கோயில்ல கணீர்னு கத்துது! லாரிக்காரன்லாம் வண்டிய ஓரங்கட்டிக் கேட்டுக்கினு போறான். இங்க இருந்தப்ப அது இப்டிக் கத்தி நான் கேட்டதே இல்லியே!" என்றாள்.

அது கத்தக்கூடிய வாத்தியம் அல்ல. விளக்கம் தேவை. அதைவிடக் கித்தார் தேவை.

இப்படிக்கு,
ஜெசிந்தா தானியேல்


கவரைப்பேட்டை

அன்புள்ள அண்ணிக்கு ஆசீர்வாதம் எழுதுவது,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்புக் கொடி காட்டியது போல நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். என் பேரில்தான் தவறு. மன்னிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் இரும்புப் பட்டறையில் என்னை பாய்லர் பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. ரிடையர் ஆன ஸ்டீம் டிரைவருக்கு வேறு என்ன தெரியும். நகராத எஞ்சினுக்கு டிரைவராக இருக்கிறேன். லீவு கேட்டால், "நீ போய்ட்டா இதுங்கிட்ட எவன்யா பேசுவான்?" என்கிறார் மேனேஜர். அதனால்தான் தாமதம்.

கித்தார் குழந்தை மாதிரி இருக்கிறது. எங்கள் பட்டறையில் கிரேன் ஓட்டும் மோசஸ்தான் கோயிலில் வாசிக்கிறான். நல்ல கை. ஒருநாள், "இன்னா மாமா, மெருகெல்லாம் போயி சொறி புடிச்ச மாதிரி கீது. லாரி பாடிக்கு அடிக்கிற பெயிண்ட்ல ஒரு கோட் உட்டா பளபளன்னு ஆயிடும்" என்றான். "டேய், அந்த ஓட்டைக்குக் கீழ வெளுத்துக் கீது பார், அது எங்க அண்ணன் சுண்டுவிரல் ஊணின இடம். அதுல பெயிண்ட் பட்டுது, உன்னக் கொதிக்கிற பாய்லர்ல போட்டுடுவேன்" என்றேன். அதற்கப்புறம் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுகிறான்.

கித்தாரைச் சுற்றி வைத்திருந்த பச்சைக் கொடித் துணி அழுக்காக இருந்ததால் என் மனைவி துவைத்து வைத்திருக்கிறாள். மெல்லிய தந்தி ஒன்று அறுந்தது. மெட்ராஸில் வீணைத் தந்தி வாங்கிப் போட்டுவிட்டேன்.

அண்ணி பெரிய மனது செய்து ஈஸ்டர் வரைக்கும் விட்டுவைத்தால் கோயிலுக்குப் பெரிய உபகாரம். பெண்பிள்ளைகள் எல்லாம் ஆசையாகப் பாடப் பழகுகிறார்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
ஆசீர்வாதம்


இயேசு மரி சூசை

திருவள்ளூர்,
27 ஜனவரி 1974

திரு. ஆசீர்வாதம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையும் மசி அப்பிப் படிக்க முடியாமல் இருக்கிறது. கான்வென்ட்டில் மதர் பெர்னதெத் தேதியில்லாத கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போடுவார்கள். எழுதியவன் தான் எழுதியதற்குப் பொறுப்பேற்க விரும்பவில்லை என்று அர்த்தம் என்பார்கள். நான் இன்று வரை தேதி போடாமல் ஒரு வண்ணான் குறிப்புக்கூட எழுதியதில்லை.

முதலில் பச்சைத் துணி. அது ரயில்வே கொடி. கிழிந்த கொடியை ஒப்படைக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தாரே என்று அவரோடு நான் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அதில் இருந்தது அழுக்கு அல்ல. வண்டிக் கடைசியில் அவர் உட்கார்ந்து வந்த பிரேக் வேனின் கரியும் எண்ணெயும். அவருடைய சட்டைகளை நானே துவைத்துக் கொடுத்துவிட்டேன். அந்தத் துணி ஒன்றைத்தான் துவைக்காமல் வைத்திருந்தேன். உங்கள் மனைவி நல்ல எண்ணத்தில் செய்திருப்பாள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, தவக்காலம். சாம்பல் புதன் பிப்ரவரி 27. அன்றிலிருந்து நாற்பது நாள் கோயிலில் வாத்தியம் கிடையாது. புதிய சபைச் சட்டங்களில் அதையும் மாற்றிவிட்டார்களா? பலிபீடத்தைத் திருப்பிப் போட்டார்கள், கித்தாரைக் கோயிலுக்குள் விட்டார்கள், நானும் பொறுத்துக்கொண்டேன். வாத்தியம் இல்லாத நாற்பது நாளுக்கு என் கித்தார் உங்களிடம் எதற்கு?

மூன்றாவதுதான் முக்கியம். தந்தி அறுந்தது என்று கருவாட்டு விலை சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். இந்த வீட்டில் தளர்த்தி வைத்த தந்தி வருடக்கணக்கில் அறுந்ததில்லை. முறுக்கினால்தான் அறும். குப்பம்மாள் கணீர் என்கிறாள். தந்தி அறுகிறது. நான் முட்டாள் அல்ல.

சுதியை ஏற்றினீர்களா? ஆம் அல்லது இல்லை. பாய்லர், மேனேஜர், மோசஸ் யாரும் வேண்டாம்.

ஜெசிந்தா தானியேல்


கவரைப்பேட்டை,
1974 பிப்ரவரி 10, மாலை நாலரை மணி (பாய்லர் அறைக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும்)

அன்புள்ள அண்ணிக்கு,

ஆம்.

இரண்டு கட்டையும் ஏற்றினேன். டிசம்பர் 22-ஆம் தேதி சாயங்காலம் ஏற்றினேன். அன்றிலிருந்து இறக்கவில்லை.

வேறு வழி இல்லை அண்ணி. ஹார்மோனியத்தின் சுதியை இறக்க முடியாது, அது செய்தபடி இருக்கும். பெண்பிள்ளைகளுக்கோ அந்தத் தாழ்ந்த சுதி எட்டவில்லை. முதல் நாள் ஒத்திகையில் எல்லாம் கிணற்றுக்குள் விழுந்த பூனை மாதிரி முனகின. சாமியார் வந்து, "யாராச்சும் செத்துட்டாங்களா? இது கிறிஸ்மஸ் பாட்டுப்பா" என்றார். அப்போதுதான் தந்தி முறுக்கும் சாவிகளைத் திருகினேன்.

திருகும்போது என் கை நடுங்கியது நிஜம். முன்னூறு டன் சரக்கை இழுக்கும்போது நடுங்காத கை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. ஏழு வாரம் ஆகிறது. மோசஸ் லேத் செக்ஷனிலிருந்து நேர் பார்க்கும் இரும்புச் சட்டம் ஒன்று கொண்டு வந்தான். கழுத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். சிகரெட் தாள் நுழையும் அளவுக்குக்கூட வளைவு இல்லை. கழுத்து மாட்டு வண்டி ஏர்க்கால் போல இருக்கிறது. தந்திகளும் மேல் பலகையில் கட்டியவை அல்ல. அடியில் உள்ள இரும்புத் தகட்டில் மாட்டியவை. இழுப்பை அந்தத் தகடுதான் தாங்குகிறது, பலகைக்குப் பாரம் இல்லை. செய்தவன் தெரிந்து செய்திருக்கிறான். இந்தக் கித்தார் இன்னும் ஐம்பது வருடம் முழுச் சுதியில் நிற்கும். இயந்திரத்தோடு பிழைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அண்ணன் ஏன் அப்படிச் சட்டம் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதாவது காரணம் இருந்திருக்கலாம்.

கோபிக்க வேண்டாம்.

தம்பி,
ஆசீர்வாதம்


திருவள்ளூர்,
16 பிப்ரவரி 1974

ஆசீர்வாதம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை திருட்டுத்தனத்துக்காகக் கோபம் வந்தது. இரண்டாம் தடவைதான் அதைவிடப் பெரிய குற்றம் கண்ணில் பட்டது. என் கணவர் பொய் சொன்னார் என்கிறீர்கள்.

தானியேல் முப்பத்து நான்கு வருடம் கார்டு. அவர் பச்சைக் கொடியை அசைக்காமல் நீங்கள் ஒரு அங்குலம் எஞ்சினை நகர்த்தியிருக்க முடியாது. ரயில் நான்கு நிமிடம் தாமதம் என்றால் நான்கு நிமிடம் என்றுதான் எழுதுவார். "மூணுன்னு போடுங்க சார், யார் பாக்கப்போறா" என்று கெஞ்சிய ஸ்டேஷன் மாஸ்டர்களை எனக்குத் தெரியும். அந்த மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்து, தன் மனைவியிடம், ஒரு மரப்பெட்டியைப் பற்றிப் பொய் சொன்னார் என்று நீங்களும் ஒரு கிரேன்காரனும் இரும்புச் சட்டம் வைத்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. சொல்லும் உத்தேசமும் இருந்ததில்லை. கித்தாரின் சுதியை இறக்கினால் கூடவே இறங்க வேண்டியவள் யார்? பாடுகிறவள். கான்வென்ட்டில் மேல் குரல் வரிசையில் முதலில் நின்றவள் நான். "ஜெசிந்தா, உன் குரல் கூரையைத் தாண்டிப் போகிறது, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்பார்கள் மதர் பெர்னதெத். அந்தக் குரலை இந்தக் கித்தாருக்காக நான் கீழே இறக்கினேன். அவர் வீட்டில் இருக்கும் சாயங்காலமெல்லாம் ஜெபமாலை முடிந்ததும் வாசிப்பார், நான் பாடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட, "எனக்கு இது தாழ்வாக இருக்கிறது" என்று நான் முணுமுணுத்ததில்லை. 1949 அக்டோபரில் மெட்ராஸில் என் கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். நவம்பர் பத்தாம் தேதி வீட்டுக்கு வந்தேன். தையல் தழும்பு காய்வதற்கு முன்பே பாடினேன். ஒரு சுரம் பிசகவில்லை. அதன் பிறகு கோயில் குழுவிலிருந்து நான் விலகியதும் குரல் போய் அல்ல. அங்கே ஹார்மோனியம் வாசித்த துலுக்காணம் மாஸ்டர் என்னோடு போட்டிபோட்டு எல்லாப் பாட்டையும் உச்சத்தில் ஏற்றி வைத்ததால்தான். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆகவே அந்தச் சட்டம் எனக்கு விளையாட்டு அல்ல. அதற்கு என் குரலைக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது. கான்வென்ட்டில் தவறு செய்தவளுக்கு ஒரு தண்டனை உண்டு. மீறிய சட்டத்தைத் தன் கையால் எழுத வேண்டும். பெட்டி மூடியில் நான் ஒட்டியிருக்கும் அட்டையை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஒன்றும் விடாமல் பார்த்து எழுதி எனக்குத் தபாலில் அனுப்புங்கள். பிறகு சாம்பல் புதனுக்குள் கித்தாரைக் கொண்டு வாருங்கள். வராவிட்டால் நானே வருவேன். எனக்கு அறுபத்தாறு வயது. அந்த பஸ்ஸில் என்னை ஏறவைத்த பாவமும் உங்கள் கணக்கில் சேரட்டும்.

ஜெசிந்தா தானியேல்


கவரைப்பேட்டை,
22 பிப்ரவரி 1974

அன்புள்ள அண்ணிக்கு,

சொன்னபடியே எழுதிவிட்டேன். ஒரு எழுத்தும் விடவில்லை.

"இந்தக் கித்தார் பழையது. சுதியை எப்போதும் இரண்டு கட்டை இறக்கியே வைக்கவும். ஏற்றினால் கழுத்து தாங்காது. யாராக இருந்தாலும் இதை மீறக் கூடாது. ஜெசிந்தா தானியேல். 12-11-1949."

அவ்வளவுதான் இருக்கிறது.

அண்ணி, இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம். நான் ஏற்றியது தப்பு. ஞாயிற்றுக்கிழமை இறக்கிக் கொண்டு வந்து பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறேன். எனக்கு அண்ணனைவிட நல்லவர் கிடையாது. அவரைப் பற்றித் தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ஆசீர்வாதம்


திருவள்ளூர்,
25 பிப்ரவரி 1974

ஆசீர்வாதம்,

நேற்று நீங்கள் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. வீட்டில்தான் இருந்தேன். நீங்கள் தட்டியதும் கேட்டது. "அண்ணி, நான்தான்" என்று மூன்று தடவை சொன்னதும், பக்கத்து வீட்டு அஞ்சம்மாள், "அவங்க எங்கியும் போவலியே, ஊட்டுக்குள்ளதான் கீறாங்க" என்று சாட்சி சொன்னதும் கேட்டது. கித்தாரைத் தூக்கிக்கொண்டு நீங்கள் திரும்பிப் போனதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்களைப் பார்க்கக்கூடிய நிலைமையில் நான் இல்லை.

நீங்கள் அனுப்பிய தேதியைப் பார்த்து, முதலில் உங்கள் கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு என் 1949 டைரியை எடுத்தேன். உங்கள் கை தவறவில்லை.

கித்தார் எங்கள் வீட்டுக்கு வந்தது 1946-ல். அரக்கோணம் ரயில்வே காலனியை விட்டுக் கப்பலேறிய ஒரு டிரைவர் குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. அப்போதே அது பழையது. மூன்று வருடம் முழுச் சுதியில்தான் வாசித்தார். அந்த மூன்று வருடத்தைப் பற்றி என் டைரியில் நானே எழுதியிருக்கிறேன்: "இன்று மேல் சுரத்தில் பாடி முடித்ததும் அவர் தந்தியைக் கையால் அமுக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்." நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அது திடீரென்று தாங்க முடியாத கித்தார் ஆகிவிட்டது. "வயசாயிடுச்சு ஜெசி, எறக்கி வெச்சிடலாம். ஒரு அட்டையில எழுதி ஒட்டேன், உன் கையெழுத்துன்னா எவனும் மீற மாட்டான்" என்றார். நான் உட்கார்ந்து எழுதினேன். தேதியும் போட்டேன். என்னைப் பற்றிய அறிவிப்பை என் கையாலேயே எழுதவைத்து, பெட்டிக்குள் ஒட்டவும் வைத்திருக்கிறார்.

ஒரே கேள்வி. உங்களுக்குத் தெரியுமா? "எனக்குத் தெரியாது" என்று பத்தாம் தேதிக் கடிதத்தில் எழுதினீர்கள். அது உண்மையா? இந்தத் தடவை மோசஸ் வரட்டும், பாய்லர் வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும். உண்மை மட்டும் முழுதாக வரவேண்டும்.

ஜெ. தானியேல்


கவரைப்பேட்டை,
3 மார்ச் 1974

அன்புள்ள அண்ணிக்கு,

தெரியும். பொய் எழுதினேன்.

1951-ஆ 52-ஆ என்று நினைவில்லை, மன்னிக்கவும், உங்களைப் போல டைரி எழுதியவன் இல்லை. அரக்கோணத்தில் ரயில் ஊழியர் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் நாங்கள் தங்கும் நாட்களில் அண்ணன் கூடவே கொண்டு வந்த கித்தாரை எடுப்பார். பன்னிரண்டு சாவியையும் முறுக்கி முழுச் சுதிக்கு ஏற்றுவார். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும், டிரைவர்கள் எல்லாம் தட்டோடு உட்கார்ந்து கேட்பார்கள். எனக்கும் அங்கேதான் தந்திகளை அமுக்கும் மூன்று பிடி கற்றுக்கொடுத்தார்.

ஒருநாள் திரும்பி வரும்போது திருவாலங்காட்டில் எங்கள் சரக்கு வண்டியை லூப் லைனில் ஒதுக்கிவிட்டார்கள். மெயில் போன பிறகுதான் சிக்னல் கிடைக்கும். நான் எஞ்சினை ஃபயர்மேனிடம் விட்டுவிட்டுப் பேச்சுத் துணைக்கு வண்டியின் நீளம் முழுக்க நடந்து பிரேக் வேனுக்குப் போனேன். அண்ணன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாவியாகத் தளர்த்திக்கொண்டிருந்தார். காதை மரத்தோடு ஒட்டி வைத்து, ஒரு தந்தியைத் தட்டி, இறக்கி, மறுபடி தட்டி.

"இன்னா அண்ணே, நல்லா கீற சுதியப் போய் கெடுக்கிறீங்க?" என்றேன்.

"கெடுக்கல டா. ஊட்டுச் சுதிக்கு மாத்திக்கினு கீறேன்."

"ஊட்டுக்குத் தனி சுதியா?"

அடுத்த சாவியைத் தளர்த்தினார். அப்புறம் சொன்னார். "உங்க அண்ணிக்கு இனிமே மேல போவாது. டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு. அவகிட்டச் சொன்னா இன்னிக்கே பாட்ட உட்டுடுவா. அவ ரோசம் உனக்குத் தெரியாது. அதான் பொட்டிக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிக்கீறேன். பொட்டி கோவிச்சுக்காது."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எஞ்சின் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், திருவள்ளூர் வருவதற்கு முன் எங்கேயாவது வண்டி நின்றால் அவருக்கு அந்த வேலைதான். ரிடையர் ஆன பிறகு அவர் அதை ஏற்றவே இல்லை. "இப்ப முழுநேரமும் ஊட்டு டூட்டி" என்று சிரிப்பார்.

டிசம்பரில் சாவியை முறுக்கும்போது என் கை நடுங்கியது மரம் உடையும் என்று அல்ல. அது உடையாது என்று எனக்கு முன்பே தெரியும்.

கித்தார் இறக்கியபடி இருக்கிறது. எப்போது கொண்டு வரட்டும்?

ஆசீர்வாதம்


இயேசு மரி சூசை

திருவள்ளூர்,
21 ஏப்ரல் 1974

அன்புள்ள தம்பி,

ஏழு வாரம் பதில் எழுதவில்லை. தவக்காலத்தில் கோபத்தோடு எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஈஸ்டர் போய் ஒரு வாரம் ஆகிறது. கோபம் இன்னும் போகவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

உங்கள் மேல் உள்ள கோபம் சிறியது. சத்தியத்தைக் காப்பாற்றினீர்கள். பச்சைத் துணி விஷயம் தனி, அதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவர் மேல் உள்ள கோபத்துக்குத்தான் எங்கே போவது என்று தெரியவில்லை. என் குரல் என்னுடையது. அது போய்விட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் என்னுடையது. என்னைக் கேட்காமல் டாக்டரும் அவரும் பேசி முடித்தார்கள். இருபத்திரண்டு வருடம், அவர் வீட்டில் இருந்த சாயங்காலமெல்லாம், கித்தாருக்காக நான் தியாகம் செய்வதாக நினைத்து, தலை நிமிர்ந்து உட்கார்ந்து பாடினேன். எதிரில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருமுறை, "என் தொண்டையைக் கட்டிப்போட்ட பெட்டி" என்று அதைத் திட்டினேன். "மன்னிச்சிடு ஜெசி, நான் என்னா பண்ணுவேன், அதுக்கு முடியல" என்றார். பெட்டிக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்!

துலுக்காணம் மாஸ்டருக்குச் செய்தது இன்னும் மோசம். அவர் ஹார்மோனியம் ஒருநாளும் உயரவில்லை. எப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தது. குழுவின் முன்னால் நான் அவரைப் பொறாமைக்காரர் என்றேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார். இப்போது நம் கல்லறைத் தோட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். புனித சனிக்கிழமை அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

அன்றே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கான்வென்ட்டில் எனக்குப் பரிசாகக் கொடுத்த சுதி ஊதலை எடுத்தேன். பழைய சுதியை ஊதினேன். மதர் பெர்னதெத் மிச்சம் வைக்கச் சொன்ன இடம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. வயதானதால் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு கட்டை இறக்கினேன். அங்கே குரல் இருந்தது. பழைய குரல்தான், நன்றாகவே இருந்தது. அவர் போன பிறகு மூன்று வருடமாக நான் பாடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு மிகவும் கோபம் தருவது எது தெரியுமா? அவர் உங்களிடம் சொன்னது சரி. சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன். சத்தியமாக நிறுத்தியிருப்பேன்.

இனி ஏற்பாடு. ஒழுங்காகப் படிக்கவும்.

கித்தார் கவரைப்பேட்டைக் கோயிலிலேயே இருக்கட்டும். முழுச் சுதியில் இருக்கட்டும். அந்தப் பெண்பிள்ளைகள் மேலே போக முடிகிற காலத்தில் போகட்டும். மோசஸ் கை கழுவுவதை நிறுத்தக் கூடாது. மூடியில் உள்ள அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதில் இருப்பது பொய்தான், ஆனால் கையெழுத்தும் தேதியும் என்னுடையவை.

மே 9 அவருடைய நினைவு நாள். காலை பூசை முடிந்ததும் கித்தாரோடு வீட்டுக்கு வாருங்கள். இந்தத் தடவை கதவு திறந்திருக்கும். இறக்கிக் கொண்டு வராதீர்கள். இதை மறந்துவிடப் போகிறீர்கள் என்பதால் மறுபடி எழுதுகிறேன்: இறக்கிக் கொண்டு வராதீர்கள். முழுச் சுதியில் அப்படியே கொண்டு வந்து என் மடியில் வையுங்கள். பன்னிரண்டு சாவியையும் நானே தளர்த்துவேன். காதை எங்கே ஒட்டி வைத்தார் என்று மட்டும் காட்டுங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

நான் முடிக்கும் வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரிந்த மூன்று பிடியை வாசியுங்கள், போதும். பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் அண்ணி,
ஜெசிந்தா